வழுக்கியது டயரா, விரலா?

விழுந்த வலி ஒரு வாரத்தில் போய்விட்டது. ஏன் விழுந்தேன் என்கிற கேள்விதான் போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. 2023 ஜனவரியில் ஊட்டியிலிருந்து தலைகுந்தா போகிற ரோட்டில், காலை ஆறரை மணிக்கு, ஒரு வளைவில் பைக்கோடு சாய்ந்தேன். வேகம் 35-ஐத் தாண்டியிருக்காது. எதிரே வண்டி இல்லை, நாய் குறுக்கே வரவில்லை, ராத்திரி நன்றாகத் தூங்கியிருந்தேன். ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டியதும் ரோடு இடது பக்கம் திரும்பும். அங்கே முன் பிரேக்கைப் பிடித்தேன். அடுத்த நொடி தார் ரோடு என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

பார்க்கப் போனது உறைபனியை. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது வருடாவருடம் வரும் ஒரு கிறுக்கு. கார்த்திகையில் நீர்ப்பனி என்று பேப்பரில் செய்தி வரும், கண்டுகொள்ள மாட்டோம். மார்கழி பாதியில் ‘தலைகுந்தாவில் உறைபனி’ என்று வெள்ளைப் புல்வெளிப் படம் வந்துவிட்டால் அந்த வாரமே பைக் துடைக்கப்படும். தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகள் கருகிப்போகாமல் இருக்க மிலார் செடிகளை வெட்டிப் போர்த்தி வைக்கிறார்கள். செடிக்கே போர்வை தேவைப்படுகிற குளிரில், நான் போட்டிருந்தது கோவை வெயிலுக்காக வாங்கிய வலை ஜாக்கெட். தோளிலும் முழங்கையிலும் அடி தாங்கும் கார்டு வைத்தது, ஒரு மாதச் சம்பளத்தில் நல்ல பங்கைத் தின்றது. கால்களுக்கு வெறும் ஜீன்ஸ். அடிபட்டது எங்கே என்று சொல்லவே வேண்டாம், முழங்காலில்தான்.

ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு சொன்னார்கள். ஊட்டி நண்பன் ரோட்டைக் கூட்டிக் காட்டுகிற மாதிரி கையை வீசி, “கற்பூர மரத்து இலைடா, பனியில நனைஞ்சா வாழைப்பழத் தோல் மாதிரி” என்றான். ஊட்டியில் யூகலிப்டஸுக்குத்தான் கற்பூர மரம் என்று பெயர். மனைவி காரணத்தை இன்னும் முன்னால் போய்த் தேடினாள்: “அஞ்சரை மணிக்கு எந்திரிச்சுப் போகச் சொன்னது யாரு?” அலுவலகத்தில் ஒருவர், “முன் பிரேக்கைப் பிடிச்சா அப்படித்தான் சார், நான் தொடவே மாட்டேன்” என்றார். நாளைக்குத் திடீரென்று குறுக்கே ஒரு மாடு வந்தால் அவர் நிற்பது கஷ்டம். வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. அதைத் தொடாதவன் பாதி பிரேக்கோடு வண்டி ஓட்டுகிறான். ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. விழுந்தவன் பேச்சு எடுபடாது.

நான்கு எண்

வளைந்துபோன பிரேக் லீவரை மாற்ற ஊட்டியிலேயே ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அறுபது வயது இருக்கும், காதுவரை குல்லா. அவர் லீவரைப் பார்க்கவே இல்லை. முன் டயருக்கு எதிரே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தை ரப்பரில் வைத்து அழுத்தினார். என்னையும் அழுத்தச் சொன்னார்.

“தடம் விழுதுங்களா தம்பி?”

விழவில்லை.

“பட்டன் நல்லா இருக்குங்களே அண்ணா” என்றேன். உண்மையிலேயே டயரின் மேல்கட்டைகள் தேயாமல்தான் இருந்தன. பழைய யூனிகான், இரண்டாம் கையாக வாங்கியது. முந்தின சொந்தக்காரர் போர்ட்டிகோவில் துணி போட்டு மூடி வைத்திருந்தார், அதிகம் ஓடவில்லை. டயரைப் பார்த்துத்தான் சந்தோஷமாகப் பணம் கொடுத்தேன்.

அவர் டயரின் பக்கச் சுவரைத் துணியால் துடைத்து ஒரு நீள்வட்டக் கட்டத்தைக் காட்டினார். அதற்குள் 2316. இருபத்து மூன்றாவது வாரம், 2016-ஆம் வருடம். “ஆறரை வருசம் ஆச்சுங்க. இது டயர் இல்ல, கல்லு.”

அவர் சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. டயர் ரோட்டைப் பிடிப்பது பட்டனால் மட்டும் இல்லை. தார் ரோட்டை உற்றுப் பார்த்தால் அது சின்னச் சின்ன ஜல்லி மேடுபள்ளம்தான். ரப்பர் அந்த மேடுபள்ளத்துக்குள் அமுங்கி, நிதானமாக மீண்டு வர வேண்டும். அந்த அமுங்கலில்தான் பிடிப்பு. பட்டனின் முக்கிய வேலை தண்ணீரை ஒதுக்கிவிடுவது. மார்கழிக் காலையில் குளிக்கப் போகும்போது தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாதே, ரப்பருக்கும் அது மாதிரி ஒரு குணம் உண்டு. எண்ணெய் போல உறைந்துவிடாது, ஆனால் குளிரக் குளிர விறைத்துக்கொண்டே போகும். ஐரோப்பாவில் 7 டிகிரிக்குக் கீழே போனால் காருக்குக் குளிர்கால டயர் மாட்டுங்கள் என்று சொல்வது இதனால்தான். அந்த டயரின் கலவையே வேறு, குளிரிலும் இளக்கமாக இருக்கும். நம் ஊர் நூற்றைம்பது சிசி வண்டி டயரைச் செய்கிறவர்கள் மனதில் இருப்பது நாற்பது டிகிரி வெயிலும், வாடிக்கையாளர் கேட்கும் ‘எத்தனை கிலோமீட்டர் ஓடும்?’ என்கிற கேள்வியும். அதில் தப்பு இல்லை. ஆனால் அதே டயர் வயதாகிக் காய்ந்து, மூன்று டிகிரியில், ஈர ரோட்டில், சூடேறாமல் ஓடினால்? ஊட்டி ஃபிங்கர்போஸ்ட்டில் இருக்கும் நண்பன் வீட்டிலிருந்து கிளம்பிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மெதுவாகப் போகிற வண்டியின் டயர் அந்த நேரத்தில் எங்கே சூடேறப் போகிறது?

சரி, தீர்ப்பு கிடைத்துவிட்டது, டயர்தான் குற்றவாளி என்று நிம்மதியாகக் கோவை திரும்பினேன். டயர் மாற்றப் போன கடையில் இன்னும் அகலமான டயர் போடச் சொன்னார்கள், ‘கிரிப் எக்ஸ்ட்ரா வரும் சார்’ என்று. ஒல்லியான ரிம்மில் அகல டயரை மாட்டினால் அதன் வளைவே மாறிப்போகும், வளைவில் சாய்ப்பது இழுவையாகிவிடும். வேண்டாம் என்றேன். இன்னொரு நண்பன் லடாக் வீடியோ பார்த்துப் பார்த்துத் தன் வண்டிக்குப் பெரிய கட்டை பட்டன் டயர் போட்டிருக்கிறான். சேற்றுக்கும் மண்ணுக்கும் அது ராஜா. ஈரத் தார் ரோட்டில் அந்தக் கட்டைகளுக்கு நடுவே பாதி இடம் வெறும் காற்று. அவனிடம் சொன்னேன், கேட்கவில்லை. ஃபோட்டோவில் நன்றாக இருக்கிறதாம். நான் கம்பெனி சொன்ன அதே அளவில், அந்த நான்கு எண்ணைப் பார்த்து, மூன்று மாதத்துக்கு முன் தயாரான டயராகக் கேட்டு வாங்கினேன். கடைப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். தயிர் பாக்கெட்டில் தேதி பார்க்கிறோம், இதில் பார்த்தால் என்ன? புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் அதைத் தேய்த்துப் போக்க உக்கடம் பக்கமாகப் பதவிசாக ஓட்டினேன்.

இதற்கு நடுவே காற்றுப் பஞ்சாயத்து ஒன்றும் நடந்தது. குளிரில் பிடிப்பு வர டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்று ஒரு கட்சி, குளிரில் தானாகவே இறங்கிவிடும், அதனால் கூட்டி அடிக்க வேண்டும் என்று எதிர்க்கட்சி. எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் தூக்கம் வரவில்லை. மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் மதியம் 30 டிகிரி வெயிலில் டயரில் 30 பிஎஸ்ஐ காற்று அடித்துக்கொண்டு மேலே ஏறுகிறேன் என்று வையுங்கள். மறுநாள் விடியலில் 3 டிகிரிக் குளிரில் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கி, ஏறக்குறைய 4 குறைய வேண்டும். ஆனால் ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே மேட்டுப்பாளையத்தைவிட 3 போலக் குறைவு. மீட்டர் காட்டுவது உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை. அதனால் மலை ஏறியதற்காக 3 கூடிவிடும். 4 போய் 3 வந்தால் 29. இரண்டு கட்சியும் டெபாசிட் இழந்தன. மேட்டுப்பாளையத்தில் சரியாக அடித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவது உத்தமம்.

புல் சொன்ன சாட்சி

2024 ஜனவரி. அதே நண்பன் வீடு, அதே நேரம், அதே ரோடு. டயர் புதுசு. ஜாக்கெட், கையுறை பழசு, ஏனென்றால் குற்றவாளிதான் பிடிபட்டுவிட்டானே. தை மாதம் பிறந்திருந்தது. ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று பாட்டி சொல்வாள். தரைக்கும் மச்சுக்கும் நடுவே பைக்கில் போகிறவனைப் பற்றிப் பாட்டிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மூடிக்கிடக்கும் போட்டோ பிலிம் தொழிற்சாலைப் பக்கத்தைத் தாண்டும்போதே நெஞ்சில் யாரோ ஈரத் துண்டைப் போட்டு அழுத்துவது போல இருந்தது. வலை ஜாக்கெட்டின் அழகு அது. வெயிலில் வரம், குளிரில் சல்லடை. 2 டிகிரியில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால், தோலுக்கு அது மைனஸ் 5 டிகிரி மாதிரி உறைக்கும். மயிலுக்குப் போர்வை கொடுத்தானே பேகன், அவன் நடந்தோ தேரிலோ வந்திருப்பான். இந்த ரோட்டில் இந்த ஜாக்கெட்டோடு வந்திருந்தால் மயிலிடம் இறகு கேட்டிருப்பான்.

அந்தப் பாலத்துக்கு முன்னாலேயே ஓரம் கட்டினேன். வளைவைப் படம் எடுக்க வேண்டும், இந்த இடத்தில்தான் விழுந்தேன் என்று அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் எண்ணம். இன்ஜினை அணைக்கவில்லை. ஹெல்மெட் வாரைக் கழற்றப் போனால் கழற்ற முடியவில்லை. கொக்கி விரலுக்கு நடுவே இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கையுறையைப் பல்லால் கடித்து உருவிப் பார்த்தேன். விரல் நுனிகள் வெளுத்து, வேறு யாருடைய விரலோ மாதிரி இருந்தன. வலிகூட இல்லை. வலித்துக்கொண்டிருந்தது எப்போது நின்றது என்று யோசித்தால் அதுவும் தெரியவில்லை.

கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு, வண்டியில் உட்கார்ந்தபடியே, சும்மா, முன் பிரேக் லீவரை மெதுவாக அழுத்தினேன். பக்கக் கண்ணாடியில், எனக்குப் பின்னால் ரோட்டோரப் புல் உறைபனியில் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த வெள்ளை சட்டென்று சிவந்தது. பிரேக் லைட். நான் இன்னும் லீவரைத் தொட்டதாகவே உணரவில்லை.

விட்டேன், புல் வெளுத்தது. மறுபடி அழுத்தினேன், சிவந்தது. கண்ணை மூடிக்கொண்டு, லீவர் விரலில் படுகிறது என்று உணர்கிற கணத்தில் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் புல் எனக்கு முன்னாலேயே சிவந்திருந்தது. அதுவும் கொஞ்சமாக இல்லை. எனக்குத் ‘தொட்டுவிட்டேன்’ என்று தெரிகிற நேரத்தில் லீவர் பாதி வழி வந்திருந்தது. ஐந்தாறு தடவை செய்து பார்த்தேன். எதிரே வந்த காய்கறி லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

போன வருடம் நடந்தது அப்போதுதான் எனக்குப் படமாக ஓடியது. பிடிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன், விறைத்த விரல் தாமதமாகப் போயிருக்கிறது. 36 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குப் பத்து மீட்டர். அரை நொடி தாமதம் என்றால் ஐந்து மீட்டர், அதாவது வளைவுக்கு முன்னால் பிடித்திருக்க வேண்டிய பிரேக்கை வளைவுக்குள் பிடித்திருக்கிறேன். பிறகு, இன்னும் பிடிக்கவில்லை போல என்று நினைத்து மேலும் அழுத்தியிருக்கிறேன். விரலுக்கு ‘கொஞ்சம்’ என்கிற அளவே அன்றைக்கு மறந்துபோயிருந்தது. 125 சிசிக்கு மேல் உள்ள வண்டிகளுக்கு, பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்று வந்தது 2019-இல். என் வண்டி அதற்கு முந்தைய பிறவி. சக்கரம் பூட்டிக்கொண்டால் பூட்டிக்கொண்டதுதான்.

பால்காரர் நெஞ்சில் பேப்பர்

அந்த வளைவை நடை வேகத்தில் தாண்டித் தலைகுந்தா போய்ச் சேர்ந்தேன். டீக்கடை அடுப்பில் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் எக்ஸ்எல் வண்டியில் இரண்டு பால்கேன் கட்டிய ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சாதாரண ஸ்வெட்டர், காதைச் சுற்றி மஃப்ளர், கையில் மெல்லிசான கம்பளி உறை, அவ்வளவுதான். அவர் கை டம்ளரைப் பிடித்திருந்த விதம் மனிதக் கை மாதிரி இருந்தது. என்னுடையது இடுக்கி மாதிரி இருந்தது.

“கைக்கு மட்டும் எவ்வளவு போட்டாலும் நிக்காது சார்” என்று அவரே ஆரம்பித்தார். ஸ்வெட்டர் கழுத்தை இழுத்துக் காட்டினார். உள்ளே சட்டைக்கு மேல் மடித்த தினத்தந்தி. “நெஞ்சு சூடா இருந்தா கை தானா சூடாவும்.”

பழைய புல்லட் ஆசாமிகள் நெஞ்சில் பேப்பர் வைத்துக்கொண்டு ஓட்டியதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஏழ்மைக்காலத்து ஏற்பாடு என்று நினைத்திருந்தேன். இல்லை. உடம்பு ஒரு கறார் கணக்குப்பிள்ளை. நடுவுடம்பு குளிர ஆரம்பித்தால் இதயம் மாதிரியான உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற முதலில் கை கால் விரல்களுக்குப் போகிற ரத்தத்தைத்தான் வெட்டும். விரலின் தோல் 15 டிகிரிக்குக் கீழே போனாலே நுணுக்க வேலை தடுமாறும். இன்னும் இறங்கினால் தொடு உணர்வே போய்விடும். என் நெஞ்சைத் துளைத்துக்கொண்டு போன காற்றுதான் என் விரலைத் திருடியது. கையுறைக் கடையில் நான் எத்தனை ஆயிரம் கொடுத்திருந்தாலும் ஜாக்கெட் சல்லடையாக இருக்கும்வரை பாதிப் பலன்தான் கிடைத்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் செலவழித்தது ரொம்பக் குறைவு. ஊட்டியில் திபெத்தியர் கடையில் ஒரு மெல்லிய கம்பளிக் கையுறை. அதற்கு மேலே மாட்ட, ஒரு அளவு பெரிய தோல் கையுறை. இறுக்கமாக இருந்தால் ரத்தம் ஓடாது, கம்பளிக்குள் காற்று தங்காது, தடியாக இருந்து என்ன பயன்? வலை ஜாக்கெட்டின் மேலேயே மழைக்கோட்டு. மழைக்கு என்று வாங்கி வைத்ததுதான், காற்றை நிறுத்த அதைவிட மலிவான சரக்கு எனக்குத் தெரிந்து இல்லை. பார்க்கப் பலூன் மாதிரிதான் இருப்பேன், பரவாயில்லை. உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். திருப்பூருக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, வண்டி காற்றில் ஏறியதும் நம்மையே குளிரவைக்கும். கம்பளியோ, விளையாட்டுக்காரர்கள் போடும் பாலியஸ்டரோ மேல். தொங்குகிற மஃப்ளர் சக்கரத்தில் மாட்டும், கழுத்தோடு ஒட்டிய குழாய்த் துணி போதும். காலுக்கு ஜீன்ஸின் மேல் முட்டிக் கார்டு, அதற்கு என் முழங்காலே சிபாரிசு. ஷூவுக்குள் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொள்வது நல்ல யோசனைதான், ஆனால் நீலகிரி சோதனைச்சாவடியில் தண்ணீர் பாட்டிலையே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், சாக்ஸுக்குள் கையை விட்டுத் தேடினால் எனக்குத்தான் அசிங்கம். ஹெல்மெட் கண்ணாடியில் மூச்சு படிவதற்கு ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவித் துடைத்து விடுகிறேன். ஒரு காலைக்குத் தாங்கும்.

இத்தனைக்கும் பிறகு டயரா விரலா என்று யாராவது கேட்டால், இரண்டும் என்று சொல்லிவிடலாம், நண்பனின் கற்பூர இலைக்கும் ஒரு பங்கு கொடுக்கலாம். ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. அந்த மெக்கானிக் டயரை அழுத்திப் பார்த்தார், சரி. அவர் முன்னால் நான் அழுத்தியபோது தடம் விழவில்லை என்றேனே, எந்த விரலால் அழுத்தினேன்? காலை எட்டு மணி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த கை. அதற்கு அன்றைக்கு என்ன தெரிந்திருக்கும்? அந்தப் பழைய டயர் இரண்டும் இன்னும் வீட்டுக்குப் பின்னால்தான் கிடக்கின்றன. ஒன்றில் என் அம்மா புதினா வளர்க்கிறாள். சித்திரை வெயிலில் போய் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தேன். லேசாகத் தடம் விழுந்தது. உடனே வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

2025 ஜனவரியில் இ-பாஸ் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். மேட்டுப்பாளையத்தில் காற்று பார்த்தேன். ஃபிங்கர்போஸ்ட்டில் அன்றைய பேப்பரை நான்காக மடித்து நெஞ்சில் வைத்து மழைக்கோட்டை இழுத்து மூடினேன். பாலத்துக்கு முன்னால் நின்று லீவரை அழுத்தினேன். விரலில் பட்டது, புல் சிவந்தது, ஏறக்குறைய ஒன்றாக. தலைகுந்தா டீக்கடையில் கோட்டைக் கழற்றிப் பேப்பரை வெளியே எடுத்தபோது அது கசங்கி, லேசாக ஈரமாகி, இட்லித் துணி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. டீ மாஸ்டர் கையை நீட்டினார்.

“இன்னைக்குப் பேப்பருங்களா? குடுங்க, ராசிபலன் பாக்கோணும்.”